காவலர்கள் கண்ணில் மண் தூவிய புத்தகம்

மனசு சரியில்லை என்று படுத்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாயே, கொஞ்சமாவது ஆறியதா? பாரம் கூடியதுதான் மிச்சம். எவனோ வாங்கிய கார், எவளோ போன வெளிநாடு, யாருக்கோ உயர்ந்த சம்பளம்! கண்டவர்களையும் செருப்புக் காலோடு உன் மனசுக்குள் நடமாட விட்டுவிட்டு, நிம்மதி இல்லை என்று புலம்பினால் எப்படி? எழுந்து உட்கார். ஒரு புத்தகத்தை எடு!

"படிக்கவெல்லாம் நல்ல மனநிலை வேண்டுமே" என்று இழுக்காதே. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக் கைதிகளுக்கு எந்த நல்ல மனநிலை வாய்த்திருந்தது?

கேப் டவுனுக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் அந்தத் தீவில்தான் நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்தார். சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறித்த வெயில் அவர் கண்ணையே கெடுத்தது. 1970களில் அங்கே அடைபட்டிருந்த இந்திய வம்சாவளிப் போராளி சன்னி வெங்கடரத்தினத்திடம் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு ஒன்று இருந்தது. அதைக் காவலர்கள் பிடுங்காமலிருக்க, தமக்கு வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை மேலட்டையில் ஒட்டிவிட்டார் மனுஷன். சாமி படத்தைப் பார்த்தவர்கள் ஏதோ வேதப் புத்தகம் என்று விட்டுவிட்டார்கள்!

புத்தகம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. உங்களுக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார் சன்னி. முப்பதுக்கும் மேற்பட்டோர் போட்டார்கள். சக கைதி பில்லி நாயருக்குப் பிடித்தது, 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் அடிமை காலிபன் இந்தத் தீவு என்னுடையது என்று சீறும் இடம். தீவுச் சிறையில் இருந்தவருக்கு வேறெது பிடிக்கும்? மண்டேலா 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டது, 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சாவுக்கு அஞ்சாமல் சீசர் பேசும் இடத்தில். என்றோ செத்துப்போன ஒருவர் வேறொரு நாட்டில் எழுதியதை, தங்கள் கதையாகவே படித்தார்கள் அவர்கள். பூட்டிய அறைக்குள் அவர்களால் முடிந்தது, தாழ்ப்பாள் உன் கையிலேயே இருக்கும் அறையில் உன்னால் முடியாதா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மட்டும் நம்பி உட்காராதே. மனநல மருத்துவரைப் பார். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2013 முதல், மருத்துவர்களே மனநல நூல்களைப் பரிந்துரைத்து நூலகத்துக்கு அனுப்பும் திட்டம் நடக்கிறது. மருந்தும் புத்தகமும் சண்டைக்காரர்கள் இல்லை.

எதைப் படிப்பது? சுயமுன்னேற்ற நூல்தான் வேண்டும் என்றில்லை. (என் கட்டுரை மாதிரி நூறு படிப்பதைவிட நல்ல நாவல் ஒன்று மேல்.) அசோகமித்திரனைப் படி, அலட்டிக்கொள்ளாமல் கஷ்டத்தைத் தாங்கும் சாதாரண மனிதர்கள் வருவார்கள். கி.ரா.வைப் படி, சிரித்துவிடுவாய். காசில்லையா? பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகு. பத்துப் பக்கம் தாண்டியும் ஓடவில்லை என்றால் தயங்காமல் மூடிவிட்டு வேறொன்றை எடு. எந்த எழுத்தாளரிடமும் நீ கடன் வாங்கவில்லை!