குறுக்கே வந்தவள்

சாத்தாங்காட்டில் இரவும் அமைதியாக இருக்காது. இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் டிரெய்லர்கள் விடியும்வரை உறுமிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் இரவில் எங்கள் தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவின் மகனை வண்டியில் ஏறச் சொன்னார்கள். அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

“எங்க சார் கூட்டினு போறீங்க? இன்னா பண்ணான்?”

“குறுக்க வராதம்மா. வேலைக்கு இடைஞ்சல் பண்றன்னு உன்மேலயும் கேஸ் போட்டுடுவேன்.”

நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்தேன்.

தேடியது வேறு யாரையோவாம். காலையில் அவனை விட்டுவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றது தெரு. எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியது. அக்கா செய்தது இடைஞ்சல் என்றால், நான் செய்ததற்கு என்ன பெயர்?

சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் ஆண்டுக்கு ஆண்டு இறுகிவருகிறது. பொது ஊழியரின் கடமையைத் தடுக்க அவரைத் தாக்குவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 353ஆம் பிரிவாக இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்தன. கைவைக்காமல் வெறுமனே இடைஞ்சல் செய்ததற்கான அபராதம் 500 ரூபாயிலிருந்து 2,500 ஆனது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு முற்றிலும் புதிது. குற்றத்தைத் தடுக்கும் பணியில் போலீஸ் இடும் சட்டபூர்வமான உத்தரவை எதிர்த்தாலும், மறுத்தாலும், கண்டுகொள்ளாமல் விட்டாலும்கூடப் பிடித்துவைக்கலாம். சிறு விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விடலாம். உத்தரவு சட்டபூர்வமானதா என்று நீதிபதி சொல்ல மாதங்கள் ஆகும். நள்ளிரவுத் தெருவில் அதைச் சொல்பவர் உத்தரவு போட்டவரேதான்.

காவலருக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நிற்கும் பெண் காவலரின் உடலைத் தொடும் கை, கேள்வி கேட்கும் கை அல்ல. அதைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும் பேருந்து நடத்துநருக்கும் அதே பிரிவுதான் துணை. ஆனால் காவலரின் உடலைக் காப்பது வேறு, அவருடைய செயலைக் கேள்வியிலிருந்து காப்பது வேறு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் போகும்போது விலை கொடுப்பவர்கள் நாம்.

அந்த விலை எவ்வளவு என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று கைதான ஜெயராஜ், பென்னிக்ஸ் மீது பதிவான வழக்கில் 353உம் இருந்தது. காகிதத்தில், காவலர்களைத் தடுத்தவர்கள் அப்பாவும் மகனும். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். அந்த நிலையத்துக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே காவலர்கள் ஒத்துழைக்காமல் அவமதித்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. உண்மையில் யார் யாருடைய கடமையைத் தடுத்தார்கள்? விடிய விடிய அடித்ததாகச் சாட்சி சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் அஞ்சினார். பிறகு போட்டார். காக்கிக்குள் இருந்தும் குறுக்கே வந்தவர் ஒரு பெண்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு நெறிமுறைகள் வகுத்தது. இன்று அவை சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு. கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும். அவர் குடும்பத்தினராகவோ, அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவராகவோ இருக்கலாம். அதாவது, தெருவில் யாராவது இறங்கி வருவார்கள் என்று நம்பித்தான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. இறங்கி வருபவரை மிரட்டும் பிரிவும் பக்கத்திலேயே இருக்கிறது. சாட்சியை வரவிடாமல் செய்துவிட்டுச் சாட்சிக்கு இடம் ஒதுக்கி என்ன பயன்?

வழக்கமாக இறங்கி வருவது பெண்கள்தான். அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரி. ஆண்கள் வந்தால் அடி விழும் என்பதால் நாம் முன்னால் போகிறோம். இந்த வேலைக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. சட்டம் அதற்கு இடைஞ்சல் என்று ஒரு பெயரை வைத்திருக்கிறது. பராமரிப்பு என்று நாம் சொல்லும் சொல் வீட்டுவாசலோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளை எங்கே போகிறான் என்று ஜீப்பிடம் கேட்பதும் அதில் சேர்த்திதான்.

சில நாள் கழித்துத் தண்ணீர் லாரி வரிசையில் அக்கா கேட்டார்: “அன்னிக்கு நீ முழிச்சினுதான இருந்த?”

ஆமாம் என்றேன். அவர் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அடுத்த முறை நான் இறங்குவேன். யாரையும் தொடமாட்டேன். நான்கடி தள்ளி அக்காவின் பக்கத்தில் நின்று மூன்றே கேள்விகள் கேட்பேன்: உங்கள் பெயர் என்ன, எந்த ஸ்டேஷன், சாட்சிக் கையெழுத்து எங்கே போட வேண்டும்? பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பத்துப் பேர் இறங்கினால் அந்தப் பயம் பத்தாகப் பிரியும்.