ஊசியும் முஷ்டியும்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் மழை இருட்டியிருந்தது. ஒரு காலத்தில் என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் கூடவே வந்தான். ஆறேழு மாதமாக டவுனில் உள்ள ஒரு ஜிம்முக்குப் போய்வருகிறவன். தோள்கள் அகன்றிருந்தன. முகத்திலும் கழுத்திலும் முன்பு இல்லாத பருக்கள். குத்துச்சண்டைக்காரனாக வேண்டும் என்பது அவன் ஆசை.

"சேர், ஒருத்தன்ட மூஞ்சில குத்துறது கூடும். அதுக்குப் பலம் வர ஊசி போடுறது மட்டும் ஏன் கூடாது?"

அவன் கேட்ட விதத்திலேயே ஊசி ஏற்கெனவே ஏறிவிட்டது என்பது விளங்கியது. மௌலவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்த நழுவல் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

2010 ஒக்டோபரில் புதுடில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டைத் தங்கம் வென்றார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் வென்றதற்குப் பிறகு, 72 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம் அது. தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் கைதட்டினேன். பின்னர் அவரது மாதிரியில் நன்ட்ரொலோன் என்ற ஸ்டெரொயிட் இருப்பதாகச் சோதனை சொல்லியது. தங்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் தோற்றிருந்த வேல்ஸ் வீரர் ஷோன் மெக்கோல்ட்ரிக்குக்குக் கொடுக்கப்பட்டது. அந்த மருந்து எந்த நிய்யத்தில் அந்த உடலுக்குள் போனது என்பதை அவரும் அல்லாஹ்வும் அறிவர். அதைத் தீர்மானிக்க நான் ஆளல்லன். என்னை உறுத்தும் கேள்வி வேறு: மருந்துக்குத் தண்டனை கொடுத்த அதே விளையாட்டு, குத்துக்குப் பதக்கம் கொடுக்கிறதே, அது எப்படி?

உடலுக்குக் கேடு என்பதால்தான் மருந்து தடுக்கப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். கேடு மெய்தான். எலும்புத் தேய்வுக்கும் சிலவகை இரத்தச் சோகைக்கும் வைத்தியர்கள் அளந்து கொடுத்த மருந்தை, தசை வளர்க்க அளவின்றி ஏற்றினால் இதயம் பாதிக்கப்படும், ஆணின் விதைப்பை சுருங்கும், மனம் சினத்துக்கும் சோர்வுக்கும் இடையில் அலையும். ஆனால் கேடுதான் காரணம் என்றால் முஷ்டிக்கு மட்டும் எப்படி மன்னிப்பு? தலையில் திரும்பத் திரும்பக் குத்து வாங்கியவர்களுக்கு நடை தள்ளாடி, நினைவு மங்கும் நோயை அமெரிக்க நோயியல் வல்லுநர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவிட்டார். வட அமெரிக்காவின் தொழில்முறைப் பனிக்கட்டி ஹொக்கியில், சண்டை பிடிப்பதற்கென்றே அணியில் ஆள் வைத்திருந்தார்கள். கையுறையைக் கழற்றி எறிந்து அடித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. அப்படிச் சண்டை பிடித்துப் பிழைத்த டெரெக் பூகார்ட், 2011இல் வலிநிவாரணியும் மதுவும் சேர்ந்து உயிரைக் குடித்தபோது, 28 வயதுக்காரர். அவர் மூளையைச் சோதித்தபோது அடிகளால் வரும் அந்தச் சிதைவு அதில் இருந்தது. அடி அனுமதிக்கப்பட்டது, அடியின் வலியை மறக்க விழுங்கியது மட்டும் அவர் சொந்தக் குற்றமாயிற்று.

ஆகவே ஊசி தவறாவதற்குக் கேட்டை விட ஆழமான காரணம் இருக்க வேண்டும். அதை எனக்கு விளக்கியது தேயிலைத் தோட்டத்துத் தராசுதான். இங்கே கொழுந்து நிறுக்கும்போது குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கப்படும் கிலோவைப் பற்றி அந்தப் பெண்கள் பேசும்போது அவர்கள் குரலில் இருப்பது வெறும் சம்பளக் கவலை அல்ல, ஏமாற்றப்பட்டவரின் வேதனை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. குத்துச்சண்டை வீரனும் போட்டிக்கு முன் தராசில் ஏறுகிறான். நான் இவ்வளவுதான், இந்த உடலோடுதான் வருகிறேன் என்று எதிராளிக்குச் சொல்லும் வாக்கு அது. தன் தலையைக் குத்துவதற்குச் சம்மதம் தருகிறவன் அந்த வாக்கை நம்பித்தான் தருகிறான். ஊசி அந்த நம்பிக்கையைக் களவாடுகிறது. ஓட்டப் போட்டியில் ஏமாந்தவன் பதக்கத்தை மட்டும் இழப்பான். குத்துச்சண்டையில் ஏமாந்தவன் மண்டையோட்டையும் இழக்கலாம்.

தராசும் பிழைக்கும் என்பதை மறக்கலாகாது. கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா 2015 டிசம்பரில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இடைநிறுத்தப்பட்டு, இருபது ஓவர் உலகக் கிண்ணத்தையும் இழந்தார். 2016 மே மாதத்தில் சோதனை முடிவு நிலைக்காது என்று குற்றச்சாட்டு விலக்கப்பட்டது. அதற்கிடையில் எத்தனை வாய்கள் அவரைக் கள்ளன் என்றிருக்கும்! வீண் சந்தேகத்தைப் பாவம் என்று மார்க்கம் எச்சரிப்பது சும்மா அல்ல.

இனி முஷ்டிக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லரோடு பொருதி வீழ்த்தியதாக அறிவிப்பு உண்டு. பலத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. ஆனால் முகத்தில் அடிப்பதை அவர்கள் தடுத்திருக்கிறார்கள். 1987இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் பிக்ஹு சபை, எதிராளியின் உடலைச் சேதப்படுத்துவதையே குறியாகக் கொண்ட குத்துச்சண்டை ஹராம் என்று தீர்மானித்தது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் மனம் ஏற்குமா? ஏனென்றால் நமக்கு முஹம்மத் அலி இருக்கிறார். 1964இல் பெயரை மாற்றி, 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்த அந்த மனிதரை நேசிக்காத முஸ்லிம் வீடு எது? அவரது வீரம் அந்த மறுப்பில் இருந்தது என்று மேடையில் பேசுவோம். பார்த்து ரசிப்பதோ அவரது குத்துகளை. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். குத்துகள்தான் காரணமா என்பதில் வைத்தியர்கள் ஒருமித்ததில்லை. எனினும் 1996இல் அட்லாண்டாவில் தீபம் ஏந்தி நடுங்கிய அந்தக் கையைப் பார்த்தபோது, நானும் ஏதோ கடன்பட்டவன் போல உணர்ந்தேன்.

ஊசி எதிராளிக்குச் செய்யும் துரோகம். முஷ்டி இருவரின் உடல் என்ற அமானத்துக்கும் செய்யும் துரோகம். இரண்டுக்கும் விலை கொடுத்து வாங்குபவர் ஒருவரே: பார்வையாளர். வீழ்த்தினால்தான் தட்டுவோம் என்று காத்திருக்கும் கைகளுக்காகத்தான் அந்தப் பையன்கள் ஊசியைத் தேடுகிறார்கள்.

சென்ற கிழமை அவனைத் தேடிப் போனேன். ஊசியை நிறுத்திவிட்டதாகவும் மனம் செத்துக் கிடப்பதாகவும் சொன்னான். திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆவதுண்டு, டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், நானே கூட வருகிறேன் என்றேன். பிறகு அன்று சொல்லாததையும் சொன்னேன். "குத்துறது கூடும் என்று உனக்கு யார் மகன் சொன்னது?"

அவன் யோசித்தான். "யாரும் சொல்லல்ல சேர். எல்லாரும் கைதட்டினாங்க."

அந்த எல்லாரிலும் நான் இருந்தேன்.