சலிக்காத மாவு

உடற்கழிவு நீங்குமென்று நாட்கணக்கில் பழச்சாறு மட்டும் அருந்தும் பழக்கம் நம் காஞ்சிபுரத்துக்கும் வந்துவிட்டது. கழிவை அகற்றக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அல்லாஹ் நமக்குள்ளேயே அமைத்திருக்கிறான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் இப்படிச் செய்தால் மயங்கி விழவும் நேரலாம்.

உடல் இலேசாவதற்கு வழி வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் மாவுக்குச் சல்லடை இல்லை. வாற்கோதுமையை அரைத்து, ஊதி உமி பறந்தது போக எஞ்சியதைப் பிசைந்து உண்டதாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. நாமோ தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, வெள்ளைச் சோற்றை வயிறு முட்ட உண்டு, நாளெல்லாம் தறியில் அமர்கிறோம். (பாட்டனார் குடித்த கேழ்வரகுக் கூழ் நமக்குக் கௌரவக் குறைவாம்!) வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விடச் சொல்கிறது நபிமொழி. விருந்தென்றால் அந்தப் பங்கையும் பிரியாணிக்கே கொடுத்துவிடுகிறோம்.