சூரியனின் முகத்தில் ஒரு புள்ளி

2009ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் நண்பகல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் தம் தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்துக் காத்திருந்தார். தியெரி லெகோ என்பது அவர் பெயர். தொழிலால் அவர் பொறியாளர். வானியல் அவருக்குப் பிழைப்பன்று, பேரார்வம். மணி பன்னிரண்டைக் கடந்து பதினேழு நிமிடங்கள் ஆனபோது, அட்லாண்டிஸ் விண்ணோடமும், அது பழுதுபார்க்கத் தேடிச் சென்ற ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அருகருகே சூரிய வட்டத்தைக் கடந்து சென்றன. அவை கடக்க எடுத்துக்கொண்ட நேரம் 0.8 நொடி. அதற்குள் அவருடைய படப்பெட்டி அக்காட்சியைப் பதிவு செய்துவிட்டது.

அந்தப் படத்தை நாம் பார்க்கிறோம். களங்கமில்லாத பெரியதொரு ஒளிவட்டம். அதன் மேல் தூசி போல் இரு கரும்புள்ளிகள். கூர்ந்து நோக்கினால் ஒரு புள்ளிக்கு இறக்கையும் வாலும் இருப்பது தெரிகிறது. அவ்வளவே.

இத்தகைய படம் தற்செயலாக வாய்ப்பதன்று. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரையும் விண்கலம், வானில் அரைப் பாகை அகலமே கொண்ட சூரியனைக் கடக்கும் காட்சி, தரையில் சில கிலோமீட்டர் அகலமுள்ள குறுகிய பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே கிட்டும். அடுத்த ஊரில் நிற்பவருக்குக் கிட்டாது. கலத்தின் பாதையும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டேயிருப்பதால், கடைசி நாள் வரை கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சூரியனை நேரே பார்த்தால் பார்வையே பறிபோகும். ஆகவே தொலைநோக்கியின் முகப்பில் ஒளியை மட்டுப்படுத்தும் தடுப்பைப் பொருத்த வேண்டும். பின்னர் கடிகாரத்தை நம்பி, கலம் தென்படும் முன்னரே படப்பெட்டியை இயக்கிவிட வேண்டும். கண்ட பின் அழுத்துவோம் என்றிருப்பவர் எதையும் பெறமாட்டார். இவ்வளவும் செய்த பிறகும், ஒரு மேகத்துண்டு குறுக்கிட்டால் எல்லாம் முடிந்தது. 2011 ஜனவரி 4ஆம் நாள், சூரியனைச் சந்திரன் ஒரு பகுதி மறைத்திருந்த வேளையில் பன்னாட்டு விண்வெளி நிலையமும் அதன் குறுக்கே செல்வதைப் படம்பிடிக்க, இதே மனிதர் ஓமன் நாட்டு மஸ்கட் வரை பயணம் செய்தார். அப்போதும் அவருக்குக் கிடைத்தது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே.

இங்கே நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இமைப்பொழுதுக் காட்சிக்காக இத்தனை உழைப்பையும் பொருளையும் செலவிடுவது முறையா? பசித்தோர் நிறைந்த உலகில் இது வீணன்றோ? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. இன்று விண்கலத்தைப் பற்றி எழும் இதே கேள்வி, நாளை நம் பங்கு ஆலயத்தின் மணிக்கூண்டைப் பற்றி எழும். நம் மகள் வீணை கற்பதைப் பற்றியும் எழும்.

நற்செய்தியில் இக்கேள்வி பெத்தானியாவில் எழுந்தது. பெண்ணொருத்தி விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவர் மீது ஊற்றினாள். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குரல் எழுந்தது. அக்குரல் யூதாசுடையது என்கிறார் யோவான். ஆனால் மத்தேயு நற்செய்தியில் சினங்கொள்வோர் சீடர்கள். ஆகவே அதைத் துரோகியின் குரல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நல்லவர்களின் நேர்மையான குரலும் அதுவே. ஆண்டவர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்னும் பொருள்பட அவர் கூறியதை, ஏழைகளை மறப்பதற்கான உரிமைச் சீட்டாகக் கொள்வோரும் உண்டு. அது தவறு. அச்சொல்லின் வேர் இணைச்சட்ட நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே அது, ஆகவே உன் கையைத் தாராளமாகத் திறந்துவிடு என்னும் கட்டளையோடு இணைந்தே வருகிறது.

அவ்வாறாயின், ஒரு செயல் வீணா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? விலையைக் கொண்டும் பலனைக் கொண்டும் மட்டுமன்று. அச்செயல் மனிதனைத் தன்னிலும் பெரியதை நோக்கித் திறக்கிறதா என்பது முதல் அளவுகோல். அருகிலிருப்பவனைக் காணாதபடி அவன் கண்ணை மூடிவிடுகிறதா என்பது இரண்டாவது.

முதல் அளவுகோலை அந்தப் படத்தின் மீதே வைத்துப் பார்ப்போம். அந்தக் கரும்புள்ளிக்குள் ஏழு மனிதர்கள் இருந்தனர். ஆறு ஆண்டுகளுக்கு முன், 2003 பிப்ரவரி 1ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும் வழியில் சிதறிப்போனது. ஹபிளைத் தேடிச் சென்றவர்களோ, ஆபத்து நேர்ந்தால் விண்வெளி நிலையத்துக்குச் சென்று தஞ்சம் புகவும் முடியாத பாதையில் இருந்தனர். ஆகவே அவர்களை மீட்பதற்கென்றே எண்டெவர் என்னும் மற்றொரு விண்ணோடம் ஏவுதளத்தில் ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குத் தேவை ஏற்படவில்லை. பயன்படாமற்போன அந்த ஆயத்தத்தை வீண் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

திருப்பாடல்களின் எட்டாம் பாடலில், வானத்தை அண்ணாந்து பார்க்கும் பாடகர் மனிதனின் சிறுமையை உணர்ந்து திகைக்கிறார். திகைத்த அதே மூச்சில் அவனுக்கு அளிக்கப்பட்ட மாட்சியையும் பாடுகிறார். அந்தத் திகைப்புதான் இப்படத்திலும் உள்ளது. ஒளியின் பெருவெளியில் மனிதன் ஒரு புள்ளி. ஆயினும் அப்புள்ளிக்குள் இருந்தவர்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், அவர்களுக்காக ஒரு கலத்தையே எழுப்பி நிறுத்தினார்கள். புள்ளியாகக் காட்டுவது கருவி. பெயர் சொல்லி அறிவது அன்பு. இறைவன் நம்மை எங்ஙனம் காண்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இரண்டாம் அளவுகோலுக்கு ஓர் இளைஞரை நினைப்போம். 1639ஆம் ஆண்டின் இறுதியில், வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்று இங்கிலாந்தில் ஜெரமையா ஹாரக்ஸ் கணித்தார். அவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. காலை முதல் காத்திருந்தவர், அதைவிட மேலான கடமை அழைத்ததால் நடுவில் எழுந்து சென்றதாகத் தாமே எழுதியுள்ளார். அது ஆலய வழிபாடாக இருக்கலாம் என்று பலரும் கருதுகின்றனர். பிற்பகல் மூன்றேகால் மணிக்கு மேகம் விலகியது. வெள்ளி சூரியன் மீது கரும்புள்ளியாக நின்றது. கதிரவன் மறையும் வரை அரைமணி நேரமே அவர் அதைக் கண்டார். வானத்தை இத்தனை நேசித்தவருக்கு, வானத்தை விட்டு எழுந்து செல்லவும் தெரிந்திருந்தது. அவருடைய ஆர்வம் அடிமைத்தனமாக மாறாததற்கு இதுவே சான்று.

ஆனால் மேகம் விலகாவிட்டால்? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி, 1761ஆம் ஆண்டு வெள்ளியின் கடப்பைக் காணப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். வழியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமான செய்தி வந்தது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அளவை எதுவும் எடுக்க இயலவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. அவர் ஊர் திரும்பாமல் கீழ்த்திசையிலேயே தங்கினார்; இறுதியில் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, அதுவரை தெளிந்திருந்த வானத்தை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின்னரே சூரியன் வெளிவந்தது. 1771இல் அவர் தாயகம் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் அவருடைய சொத்தைப் பங்கிடும் முயற்சியில் இருந்தனர்.

இவருடைய காத்திருப்பு வீணா? உலகக் கணக்கில் ஆம் என்றே சொல்ல வேண்டும். இங்கே நாம் விரைந்து ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. அந்தக் காலை அவருடைய நெஞ்சை எப்படி அறுத்திருக்கும் என்பதை உணர்ந்த பின்னரே பேச வேண்டும். அவரைப் போன்றோர் நம்மிடையேயும் உண்டு. திருந்துவான் என்று மகனுக்காக ஆண்டுக்கணக்கில் செபமாலை உருட்டி, அவன் திருந்துவதைக் காணாமலே கண்மூடிய தாயை நாம் அறிவோம். படுத்த படுக்கையான கணவனுக்குப் பணிவிடை செய்து, ஒரு நன்றிச் சொல்லும் கேளாமல் அவனை அடக்கம் செய்த மனைவியை அறிவோம். பலன் வராததால் அவர்களுடைய உழைப்பு வீண் என்று நம்மில் எவரும் சொல்லமாட்டோம். அவ்வாறு சொல்லாதிருக்கும் அந்தத் தயக்கத்தில்தான் நம் விசுவாசம் குடிகொண்டிருக்கிறது.

விளக்கோடு காத்திருந்த கன்னியரை ஆண்டவர் முன்மதியுடையோர் என்றார். மணமகன் வரும் நேரத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை. எண்ணெயை மட்டும் ஆயத்தமாக வைத்திருந்தனர். நேரத்தைக் குறிப்பது அவருடையது, ஆயத்தம் நம்முடையது. வானியலாளர்கள் நொடியைக்கூட முன்கூட்டியே அறிகிறார்கள். ஆயினும் மேகத்தை அவர்களால் ஆள முடிவதில்லை. அந்த ஓர் இடத்தில் அவர்களும் நம்மோடு கை விரித்து நிற்கிறார்கள்.

ஆகவே, நம் பிள்ளைகளில் ஒருவன் இரவில் மாடிப்படியில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், இதனால் என்ன பயன் என்று நாம் முதலில் கேட்க வேண்டாம். சற்று நேரம் அவனருகே அமர்ந்து, அவன் காண்பதை நாமும் காண்போம். பிறகு, பக்கத்து வீட்டில் நோயுற்றிருக்கும் முதியவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க அவனை அழைப்போம். அவன் எழுந்து வருவானாயின், அவன் பார்த்த வானம் வீணாகவில்லை.