முட்டையிடாத கோழி

கம்பத்து வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்போர் அறிவர்: சுமார் 6 மாதத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி, 2 ஆண்டுக்குப் பின் முட்டையைக் குறைத்துவிடும்; தீனியைக் குறைக்காது. உயிரோ மேலும் பல ஆண்டு நிற்கும். பேரேட்டில் அது நஷ்டக் கணக்குத்தான். அறுத்து ஆணம் காய்ச்சுவது ஆகுமான காரியமே; அதில் தர்க்கமில்லை. என் வினா வேறு. 21 நாள் அரைப்பட்டினியாய் அடைகாத்ததையும், உடும்பு வந்தபோது சிறகை விரித்து எதிர்த்து நின்றதையும் கண்ணால் கண்ட நாம் அதற்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? “முட்டைக்குத் தீனி கொடுத்தாயிற்று, கணக்கு நேர்” என்கிறார் பக்கத்துக் கடை முதலாளி. இருக்கலாம். ஆனால் கண் மங்கிப்போன பழைய கணக்கப்பிள்ளை அவர் கடையில் இன்றும் சம்பளம் வாங்குகிறாரே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். என் கிழட்டுக் கோழி இன்று காலையும் தீனிக்கு முதலாவதாக வந்து நின்றது.