சிறையிலிருந்தவருக்கு அளித்த வாக்கு

தேர்தல் லௌகிகம், கோயில் ஆன்மிகம், இரண்டையும் கலத்தல் அபசாரம் என்று லண்டனின் ஹரோவில் வாழும் நம்மவர் சிலர் கூறக் கேட்கும்போதெல்லாம், 2008 மார்ச் 8 அன்று மலேசியாவில் நடந்த சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலையே நான் நினைத்துக்கொள்கிறேன். முந்திய ஆண்டின் இறுதியில் ஷா ஆலத்தில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டு, நவம்பர் 25இல் மலேசிய இந்துக்களின் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூரில் பல்லாயிரவர் திரண்டு, டிசம்பரில் அவ்வியக்கத்தின் ஐவர் விசாரணையின்றிக் கமுண்டிங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர்; அவர்களுள் ஒருவரான எம். மனோகரன், வாக்குக் கேட்டு ஒரு வீட்டு வாசலையேனும் மிதிக்க இயலாத நிலையிலேயே, கோத்தா ஆலம் ஷா தொகுதியில் வெற்றி பெற்றார்.

சபைக்கு வரமுடியாதவர் என்று தெரிந்தும், சீனரும் தமிழருமாக அத்தொகுதி மக்கள் அவருக்கு வாக்களித்தார்களே, அதைப் பலன் கருதாத நிஷ்காம கர்மம் என்னலாமா? பலனை அவர்கள் விரும்பவில்லை என்பது பொய். நியாயத்தை அவர்கள் தாகத்தோடு விரும்பினார்கள். ஆயினும் தன் சுகத்தை நாடும் இச்சையே பந்தம். பிறனுடைய விலங்கு ஒடியவேண்டும் என்று, தன் பெயர் எழுதாத ஒரு சீட்டில், எவரும் அறியாமல் இடும் குறி பூஜைக்குச் சமானம் என்பதே என் திடமான அபிப்பிராயம். மனோகரன் விடுதலையானது 2009 மே மாதத்தில்தான்.