கண்டதும் கேட்டதும்

ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்குவது என்றால் நமது பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அதன் வடிவத்தைப் பழக்குவதுதான். ஆய்வுப் பிரச்சினை, நோக்கம், கருதுகோள், முறையியல், இலக்கிய மீளாய்வு என்று தலைப்புகள் இருக்க வேண்டும். அடிக்குறிப்பு இருக்க வேண்டும். உசாத்துணைப் பட்டியல் நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்து ஒரு கிழமையில் இவற்றை ஒப்பேற்றிவிடலாம். இப்போது கைத்தொலைபேசியே எழுதித் தருகிறது. இல்லாத நூலுக்கும் பக்க எண் போட்டுத் தருகிறது. நானும் பல வருடங்கள் இந்த வடிவத்தைத்தான் சரிபார்த்துக் கொண்டிருந்தேன், ஒரு மாணவியின் ஆய்வேடு கைக்கு வரும் வரை.

அவள் பிறந்தது புத்தளத்தில். குடும்பத்தின் ஊர் சாவகச்சேரி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடாநாட்டில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் சாவகச்சேரி முஸ்லிம்கள்தான். மாதத்தின் நடுப்பகுதியிலேயே அது நடந்து முடிந்தது. யாழ் நகரத்தவரின் முறை 30 ஆம் திகதி வந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தன் ஊரின் கதையைத்தான் இறுதி வருட ஆய்வுக்கு அவள் எடுத்திருந்தாள்.

முதல் பக்கத்திலேயே, வடக்கிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் விரட்டப்பட்டனர் என்று எழுதியிருந்தாள்.

"இந்தத் தொகை எங்கேயிருந்து வந்தது மகள்?"

"எல்லாரும் சொல்றதுதானே சேர்."

அச்சில் உள்ளவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 72,000 என்போரும் உண்டு. 75,000 என்போரும் உண்டு. அதற்கு மேலே சொல்வோரும் உண்டு. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இந்த மக்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2001 இல் வந்தது. பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வெளியானது. இவற்றை ஒப்பிட்டு, எந்தத் தொகையை ஏன் ஏற்கிறாய் என்று எழுது என்றேன். அவள் முகம் வாடியது. நமக்கு நேர்ந்த அநியாயத்தை நாமே குறைத்துச் சொல்வதா என்பதுதான் அந்த முகத்தில் இருந்த கேள்வி.

இப்னு கல்தூன் 1377 இல் தன் முகத்திமாவைத் தொடங்கும்போதே இந்த இடத்தில்தான் கை வைக்கிறார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தார்கள் என்று மஸ்ஊதி முதலானோர் எழுதியதை எடுத்து, அவ்வளவு பெரிய படை அந்த நிலப்பரப்பில் எப்படி அணிவகுக்க முடியும் என்று கேட்கிறார். அது யாருடைய படை என்பது அவரைத் தடுக்கவில்லை. எழுபதாயிரம் பேரை வீட்டிலிருந்து எழுப்பி அனுப்பியது போதாதா, அது அநியாயமாவதற்கு இலட்சம் வேண்டுமா? இதைச் சொன்னதும் அவள் ஒத்துக்கொண்டாள்.

சிக்கல் அடுத்த அத்தியாயத்தில் வந்தது. அவளது மூத்தாப்பாவுக்குச் சாவகச்சேரியில் ஒரு கடை. வெளியேறும்போது சாவியைப் பக்கத்துக் கடைத் தமிழரிடம் கொடுக்க, அவர் அழுதுகொண்டு வாங்கினார் என்று எழுதியிருந்தாள். ஆதாரம் உம்மும்மா. மூத்தாப்பா மௌத்தாகிவிட்டார். நான் வழக்கமான ஆசிரியத்தனத்தோடு, "உம்மும்மா அதைக் கண்ணால் கண்டாவா, கேட்டுக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போய்க் கேட்டாள். கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் பொய் சொல்றன் எண்டு நினைக்கிறியோ?" என்றாளாம். மாணவி இரண்டு கிழமை என்னிடம் வரவில்லை.

அந்த இரண்டு கிழமையும் எனக்குச் சரியாக உறக்கமில்லை. வீட்டையும் கடையையும் பறிகொடுத்த ஒரு மனுஷியிடம், அதற்குச் சாட்சி உண்டா என்று பேத்தியைக் கொண்டே கேட்க வைத்திருக்கிறேன். உறுதியும் பற்றுச்சீட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போக அவர்களை யார் விட்டார்கள்? ஆவணம் இருந்தால்தான் வரலாறு என்றால், வெறுங்கையோடு அனுப்பப்பட்டவனுக்கு வரலாறே இல்லையென்றாகிறது. அப்படியென்றால் நம்மவர் சொன்னால் கேள்வி இல்லையா? அதற்கும் மனம் ஒப்பவில்லை.

நமது மார்க்க அறிஞர்கள் இந்த நெருக்கடியை அறியாதவர்கள் அல்லர். இமாம் புஹாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனி, தன் தந்தையே அறிவிப்பாளராக இருந்தும் அவர் வலுவற்றவர் என்று சொன்னதாக ஹதீஸ்கலை நூல்கள் பதிந்திருக்கின்றன. தந்தை பொய்யர் என்று அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நமது வகுப்பறைகள் தொலைத்துவிட்டன. நம்மிடம் ஒன்றில் ஆதாரம் உண்டு, அல்லது இல்லை. ஹதீஸ்கலையிலோ ஸஹீஹ், ஹஸன், ழஈஃப் என்று படிகள் உள்ளன. இட்டுக்கட்டப்பட்டது அவற்றுக்கு வெளியே வேறாக நிற்கிறது. ழஈஃப் என்பது பொய் அல்ல. தொடரில் ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது; அது எந்த இடம் என்று சொல்லிவிட்டு அறிவிப்பைப் பாதுகாத்து வைக்கிறார்கள். தூக்கி எறியவில்லை. மதரஸாவில் இதைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைகளுக்கு, அடிக்குறிப்பு என்பது ஏறக்குறைய இதே வேலைதான் என்று நாம் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அது மேற்கத்தியச் சம்பிரதாயம் என்றே அவர்களும் நினைக்கிறார்கள்.

அவள் திரும்பி வந்தபோது இதைத்தான் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு அவள் சாவகச்சேரிக்கே போய் அந்தப் பக்கத்துக் கடைக்காரரைத் தேடினாள். 1995 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வந்து ஒதுங்கிய ஊர் அது. அவர்கள் புறப்பட்ட நாளும் ஒக்டோபர் 30 தான். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் ஊரின் பெரும்பகுதி இடிந்து போனது. கடைவரிசை புதிது, முகங்களும் புதியவை. அந்த மனிதரைத் தெரிந்தவர் எவரும் கிடைக்கவில்லை. அவரும் எங்கோ ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கக்கூடும்.

கடைசியில் அவள் எழுதியது இது: சாவி கொடுக்கப்பட்டதை உம்மும்மா காணவில்லை, பிள்ளைகளோடு வாகனத்தில் இருந்தார், அன்றிரவு கணவர் சொல்லக் கேட்டார், கணவரிடம் இப்போது கேட்க முடியாது, வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் படித்த பரீட்சகர் ஒருவர், குடும்பத்தார் வாய்மொழி ஆய்வுக்குப் பொருந்தாது என்று ஓரத்தில் எழுதிப் புள்ளியைக் குறைத்தார். குறைத்தது பிழை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவளை அனுப்பியது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்தப் பக்கத்தை உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். தான் காணவில்லை என்று எழுதியிருப்பதைக் கேட்டும் கிழவி ஒன்றும் சொல்லவில்லை.

"அதில அவர்ட பேர் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாளாம்.

அடிக்குறிப்பில் இருந்தது. அதையும் வாசித்தாள்.